கண்ட இடம்

பறவை பார்க்கிறவர்கள் தங்கள் பத்திரிகைகளுக்கு எழுதியனுப்பும் குறிப்பைப்போல அலங்காரமற்ற உரைநடை நம்மிடையே வேறு இல்லை என்று நினைக்கிறேன். பறவையின் பெயர், எண்ணிக்கை, இடம், தேதி, நேரம், பார்த்தவர் பெயர். விசேஷமாக ஏதாவது இருந்தால் – கூட்டுக்குக் குச்சி எடுத்துப் போனது, குஞ்சுக்கு இரை ஊட்டியது – கூட இரண்டு வாக்கியம். உவமை கிடையாது. எழுதுகிறவனின் மனநிலை கிடையாது. பிரசுரமானபின் அது ஒரு 'பதிவு' ஆகிவிடுகிறது. ஐம்பது வருஷம் கழித்து வேறொருவன் அதே கண்மாய்க்கரையில் நின்று, அன்று இருந்தது இன்று இல்லை என்று சொல்வதற்கு இந்த ஆறு தகவல்களைத் தவிர அவனுக்கு ஆதாரம் ஏதும் இராது.

ஆனால் இந்த உரைநடையின் நிலைமை விநோதமானது. ஒரு கவிதையைப்பற்றி நான் எழுதும் அபிப்பிராயத்தைச் சந்தேகிக்கும் வாசகன் அந்தக் கவிதையை எடுத்துப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம். பறவையோ பறந்து போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பிரச்னை இல்லை. சுட்டு வீழ்த்தி, உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி வைத்த உடல்தான் சாட்சி. துப்பாக்கியின் இடத்துக்குத் தொலைநோக்கி வந்தபோது சாட்சி என்பது மனிதனுடைய சொல்லாக மாறிற்று. இந்த மாற்றம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு ஒரு உதாரணம்: 2006-ல் ரமணா அத்ரேயா (தொழிலால் வானியலாளர்) அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காட்டிலிருந்து விஞ்ஞானத்துக்குப் புதிதான ஒரு பறவையை, புகுன் லியோசிக்லாவை, 'இந்தியன் பேர்ட்ஸ்' பத்திரிகையில் விவரித்தார். கொல்லவில்லை. வலையில் பிடித்தபோது உதிர்ந்த இறகுகள், புகைப்படங்கள், குறிப்புகள் – இவையே ஆதாரம். இருக்கிற பறவைகள் மிகச் சில, அவற்றில் ஒன்றைக்கூட எடுக்க மனமில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஒரு புதிய உயிரினத்தின் இருப்பையே சொல்லை நம்பி ஏற்கலாம் என்றால், சொல்கிறவனுடைய யோக்கியதை விஞ்ஞானத்தின் உள்விவகாரம் ஆகிவிடுகிறது. அதை இனி தனிமனித ஒழுக்கம் என்று ஓரமாக வைத்துவிட முடியாது.

இந்தக் குறிப்புகளை வெளியிட்ட பத்திரிகைகள் நம் சிற்றேடுகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஸஃபர் ஃபதேஹலி 1960-ல் தொடங்கிய 'நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்' முதலில் சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள்தாம். 1978-ல் ஏற்பட்ட சென்னை இயற்கை ஆர்வலர் சங்கம் எண்பதுகளில் 'பிளாக்பக்' கொண்டுவந்தது. எழுதுகிறவர்களே படிக்கிறவர்கள், படிக்கிறவர்களே சந்தாதாரர்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரும், தேயிலைத் தோட்ட மேலாளரும், ரயில்வே குமாஸ்தாவும் அடுத்தடுத்த பத்திகளில் எழுத முடிந்தது. பெயருக்குப் பின்னாலிருந்த பட்டத்தைவிடக் குறிப்பின் நம்பகம் பெரிதாக இருந்தது. ஒரு கண்மாயின் பெயரை அங்கே அச்சிட்டால் அதைப் படிப்பவர் சில நூறு பேர். அவர்களில் அங்கு வரக்கூடியவர் இரண்டு பேர், வந்தால் அவர்களும் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இடத்தைச் சொல்வதில் ஒரு தார்மீகப் பிரச்னை இருக்கிறது என்று அந்நாளில் யாருக்கும் அதிகம் தோன்றாததற்கு அவர்கள் நல்லவர்கள் என்பது மட்டும் காரணமல்ல. பத்திரிகையின் சின்ன உருவம் அவர்களுக்குப் பதிலாக யோசித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்துக் கவலை வேறு. பொய்தான் கவலை. பொய்களில் மோசமானது பறவையைப்பற்றிய பொய் அல்ல, இடத்தைப்பற்றிய பொய். பிரிட்டிஷ் ராணுவ கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகனுடைய கதை இப்போது பலருக்கும் தெரிந்ததுதான். பிரமாதமான பறவையியலாளர் என்று பேர் வாங்கியவர்; 1937-ல் ஆப்கானிஸ்தானில் சாலிம் அலியோடு சேர்ந்து பறவை சேகரித்தவர். மற்றவர்கள் சேகரித்து மியூஸியங்களில் வைத்திருந்த உடல்களைத் திருடி, சீட்டை மாற்றி, தாமே வேறொரு இடத்தில் வேறொரு தேதியில் சுட்டதாக எழுதிக்கொண்டவர் என்பது அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பின்னால்தான் அம்பலமாயிற்று. மத்திய இந்தியக் காடுகளைச் சேர்ந்த ஃபாரஸ்ட் ஔலெட் என்ற சிறு ஆந்தையை 1884-க்குப் பின் யாரும் சேகரித்ததில்லை. 1914-ல் குஜராத்தின் மாண்ட்வியில் தாம் ஒன்றைச் சுட்டதாக மைனர்ட்ஸ்ஹாகன் சொன்னார். சாலிம் அலியும் ரிப்ளியும் எழுதிய பெரும் கையேட்டில் அந்தப் பதிவு ஏறியது. பொய்யான அந்த இடம் வரைபடத்தில் உட்கார்ந்துகொண்டு, தேடப் போனவர்களைத் திசை திருப்பிற்று. பாமெலா ராஸ்முஸன் அந்த உடலைச் சோதித்து, அது வேறொருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சேகரித்தது என்று கண்டு, மாண்ட்வியைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, மிச்சமிருந்த மெய்யான இடங்களை நோக்கிப் போனார். 1997 நவம்பரில், மஹாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, இலையுதிர்ந்த மரத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 வருஷம். அத்தனையும் மைனர்ட்ஸ்ஹாகனால் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

ஆக, இடத்தை மாற்றிச் சொல்வது குற்றம், இதில் விவாதமில்லை. இடத்தைச் சரியாகச் சொல்வது? இதுவரை அது கடமையாக இருந்தது. கூமாப்பட்டி அதைக் குலைத்துவிட்டது.

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கிற ஊர். நெல், தென்னை, கண்மாய்கள். மலைப்பக்கம் போனால் பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும். மேலே இருக்கிற காடு 1988-ல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. பறவை பார்க்கிறவனுக்கு இது நல்ல ஊர். வயலில் உண்ணிக்கொக்கும் நத்தைகுத்தி நாரையும், கம்பியில் பனங்காடையும் கரிச்சானும், தோப்பில் செம்போத்தும். இவற்றைப் பார்க்க யாரும் ரயிலேறி வருவதில்லை. 2025 ஜூனில், அந்த ஊர் இளைஞர் ஒருவர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, தம் ஊரைப்போல உண்டா, இந்தத் தண்ணீர் மருந்து, வாருங்கள் என்று கைபேசியில் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அது தமிழ்நாடு முழுக்கப் பரவிற்று. கூட்டம் வரத் தொடங்கியது. அணையில் குளிக்க அனுமதியில்லை என்று அதிகாரிகள் சொல்ல வேண்டியதாயிற்று. வந்தவர்களில் பலர், படத்தில் கண்டது எங்கே என்று கேட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

இதைப்பற்றி நம் படித்த வர்க்கம் சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. அந்தப் படத்தில் இருந்தவை என்ன? இடத்தின் பெயர், காலம், பார்த்தவன் முகம், 'இங்கே இருக்கிறது' என்ற சாட்சியம். நான் பறவைப் பத்திரிகைக்கு அனுப்பும் குறிப்பின் உறுப்புகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. அவர் மிகைப்படுத்தினார், நான் மிகைப்படுத்தவில்லை என்று பதில் சொல்லலாம். சரியான பதில் அல்ல. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சத்தியமாக இருந்திருந்தாலும் அதே கூட்டம்தான் வந்திருக்கும், இன்னும் அதிகமாகக்கூட. ஊருக்கு நேர்ந்ததற்கும் சொல்லின் மெய்பொய்க்கும் சம்பந்தமில்லை. அது சொல் போய்ச் சேர்ந்த தூரத்தின் விளைவு.

சத்தியமான பதிவே கொன்றதற்கு உதாரணம் வேண்டுமானால் பறவையுலகைவிட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். சீனாவின் தெற்கில், வியட்நாம் எல்லையை ஒட்டிய குகைப்பாறைகளில் வாழும் ஒரு பல்லியினத்தை 1999-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் முறைப்படி விவரித்தார்கள். இடம் துல்லியமாகத் தரப்பட்டிருந்தது; அப்படித் தருவதே வழக்கம். செல்லப்பிராணி வியாபாரிகள் அந்தக் கட்டுரையைப் படித்தார்கள். சில வருஷங்களில், விவரிக்கப்பட்ட அந்த இடத்தில் அந்தப் பல்லி இல்லாமல் போயிற்று. ஆஸ்திரேலியாவின் லிண்டன்மேயர், ஷீலி என்ற இருவர் 2017-ல் 'சயன்ஸ்' இதழில் இதையெல்லாம் முன்வைத்து, அரிய உயிர்களின் இடங்களைப் பிரசுரிக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். பிரசுரித்தால்தான் உத்தியோகம் என்ற உலகத்திலிருந்து வந்த குரல் இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதா? இந்த முடிவுக்கு உடனே தாவுகிறவர்கள் பலர் எனக்குத் தெரியும். அவர்கள் மௌனத்தில் ஒரு சுகம் இருக்கிறது; எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்ற சுகம். கூடு இருக்கும் மரம் ஐந்து பேர் கொண்ட ஒரு வாட்ஸப் குழுவின் சொத்தாகிறது. கேமரா வைத்திருக்கும் நண்பனுக்குச் சொல்லப்படுகிறது, அவன் இன்னொரு நண்பனுக்கு. ரகசியம் யாரிடமிருந்து காக்கப்படுகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அந்த மரத்தின் அடியில் கிடை போடுகிறவருக்குக் கூடு தெரியும். தோப்புக் காவல்காரருக்குத் தெரியும். தெரியாதவன் பத்திரிகை படிக்கிற நகரத்துக்காரன் ஒருவனே.

மௌனத்தின் பெரிய ஆபத்து வேறொரு பக்கம் இருக்கிறது. பதிவு இல்லாத இடம் அரசாங்கக் கோப்பில் காலி இடம். கண்மாயை வீட்டுமனையாக்கவோ, குன்றைக் குவாரிக்கு விடவோ திட்டம் வரும்போது, இங்கே ஒன்றும் இல்லை என்று எழுதுவது சுலபம். இருக்கிறது என்று எவனும் எழுதி வைக்கவில்லையே. நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்தின் கரையில், சைபீரியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற அமூர் வல்லூறுகள் தங்குகின்றன. 2012 அக்டோபரில் அங்கே வலை விரித்து நாளொன்றுக்குப் பல ஆயிரக்கணக்கில் பிடிப்பதைச் சிலர் படமெடுத்து, ஊர்ப் பெயரோடு வெளியிட்டார்கள். உலகம் பார்த்தது. அடுத்த வருஷம், ஊராட்சிமன்றமும் தேவாலயமும் வனத்துறையும் சேர்ந்து நின்று, பாங்டி கிராமத்தில் வலை விரிக்கப்படவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால்? பல்லியைக் கொன்றதும் வல்லூறைக் காத்ததும் ஒரே செயல்: துல்லியமாக இடத்தைச் சொன்னது. எனவே 'சொல்', 'சொல்லாதே' என்ற இரண்டு கட்டளைகளில் எதையும் நெறியாக வைத்துக்கொள்ள முடியாது.

இங்கே என் பிழைப்பிலிருந்து ஒரு விஷயத்தைக் கொண்டுவர அனுமதி வேண்டும். பாங்கு வேலையில் சேருகிறவன் முதலில் கையெழுத்திடும் காகிதங்களில் ஒன்று, விசுவாசம் மற்றும் ரகசியம் காப்பதற்கான உறுதிமொழி. பாங்குகள் தேசியமயமான பின் வந்த 1970 சட்டத்திலேயே இந்தக் கடமை இருக்கிறது. இலக்கிய நண்பர்கள் குமாஸ்தா வேலையைச் சிந்தனையின் எதிரியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் காகிதம் ஒரு தத்துவப் பாடமாகவே இருந்து வருகிறது. ஏனென்றால் அது, சாதாரணமாக எதிரெதிராக வைக்கப்படும் இரண்டை ஒரே மூச்சில் கேட்கிறது. பேரேட்டில் ஒரு பைசா பொய் இருக்கக்கூடாது. ஒருவன் பதிந்ததை இன்னொருவன் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். அதே சமயம், அந்த முழு உண்மையைக் கவுண்டருக்கு வெளியே நிற்கிறவனிடம் சொல்லக்கூடாது, அவன் கணக்குக்காரரின் சொந்த மைத்துனனாக இருந்தாலும். உண்மையாக இருப்பது வேறு, எல்லாரிடமும் சொல்வது வேறு என்பது எந்தக் காஷியருக்கும் தெரியும். பத்திரிகைக்காரர்களும் எழுத்தாளர்களும்தான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு தவிக்கிறோம்.

பறவைக் குறிப்பிலும் இதுவே சாத்தியம் என்று எனக்குப் படுகிறது. ஆசிரியருக்கு எல்லாம் – மரம், கிளை, எத்தனை அடி உயரம் – ஒன்றுவிடாமல். அச்சில், வாசகனுக்கு, ஒரு காலி இடம். ஆனால் அது காலி இடம் என்று தெரியும்படியாக. 'இடம் வெளியிடப்படவில்லை' என்று எழுதுவது நேர்மை. கூடு இருப்பது கூமாப்பட்டியில் என்றால் 'ராஜபாளையம் அருகே' என்று எழுதித் திசை திருப்புவது மைனர்ட்ஸ்ஹாகனின் வழி, நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும். காரணம் சிக்கலானதல்ல. காலி இடத்தைப் பின்னால் நிரப்பிக்கொள்ளலாம்; பொய்யை அழிப்பதற்கு முதலில் அது பொய் என்று யாராவது கண்டுபிடிக்க வேண்டும். குஞ்சுகள் பறந்துபோன பிறகு, அல்லது சில வருஷம் கழித்து, முழுப் பதிவையும் வெளியிடலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2002-ல் தொடங்கிய 'ஈபேர்ட்' பொதுக்கணக்கிலேயே இப்போது சில இனங்களின் துல்லியமான இடம் பொதுமக்களுக்குக் காட்டப்படுவதில்லை. தகவல் உள்ளே இருக்கும்.

இந்த உவமைக்கு ஒரு எல்லை உண்டு. பாங்கில் ரகசியம் வாடிக்கையாளருக்குச் சொந்தமானது. வேண்டுமானால் அவரே என்னை விடுவிக்கலாம். பறவை என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை என்பதுதான் இதைவிடச் சங்கடமானது. கூட்டம் வந்ததில் கூமாப்பட்டியில் எல்லாரும் நொந்துபோனார்கள் என்று நினைக்க என்னிடம் ஆதாரம் இல்லை. டீக்கடைக்காரருக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைத்திருக்கும். படம் எடுத்த இளைஞர் தம் ஊரை நேசித்தே அழைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊரின் அமைதியைக் காக்கிறேன் என்று வெளியூர்க்காரனாகிய நான் இடத்தை மறைப்பது, அந்த ஊருக்கு எது நல்லது என்று நானே தீர்மானிப்பதுதான்.

அணைக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு கூட்டைக் காட்டியவர் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர். (எந்தப் பறவை என்பதை இங்கே எழுதப் போவதில்லை.) நான் நோட்டில் குறித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "இத எழுதிட்டா யாரு சார் படிப்பா?" என்றார். "பறவை பாக்குறவங்க கொஞ்சப் பேரு, அண்ணாச்சி" என்றேன். "படிக்கிறவுக இங்க வருவாகளா?" அவர் கேட்டது சாதாரணக் கேள்வி, பயமும் இல்லை, ஆசையும் இல்லை. நான் பார்த்த எந்தக் குறிப்பும், தன் இடத்தில் வாழ்கிறவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. தவிர, அந்தக் கூட்டைக் கண்டவர் அவர். பதிவில் ஏறப்போவது என் பெயர்.

இது தனி மனிதப் பலவீனம் மட்டுமல்ல, இந்த இலக்கியத்தின் பழைய வழக்கம். ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் ஜெர்டன் கோர்ஸர் என்ற பறவை 1900-க்குப் பின் காணப்படவில்லை, அழிந்திருக்கலாம் என்று பறவையியல் எழுதி வைத்திருந்தது. தெலுங்கில் அதற்குக் 'கலிவி கோடி' என்று பெயர் இருந்தது. புதர்க்காட்டில் இரவில் திரிகிற வேட்டைக்காரர்களுக்கு அதைத் தெரியும். 1986 ஜனவரியில் ரெட்டிப்பள்ளி அருகே அதைக் கையில் பிடித்துக் கொண்டுவந்தவர் அந்த ஊர்க்காரர் ஒருவர்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பரத் பூஷண் ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தேடியதால் அது நடந்தது. கேட்டார் என்பதே அவருடைய பெருமை. பிடிபட்ட பறவை நெடுநாள் உயிரோடு இருக்கவில்லை. 86 வருஷம் 'காணவில்லை' என்ற சொல்லுக்கு எழுவாய் யார் என்று யோசிக்க வேண்டும். எழுதுகிறவர்கள் காணவில்லை.

நான் சொல்லிவந்த தர்மசங்கடங்கள் எல்லாம் அரிய பறவையைப்பற்றியவை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் துடிக்கும் விரலில் விஞ்ஞான ஆர்வம் எவ்வளவு, 'மாவட்டத்தில் முதல் பதிவு' என்று அச்சில் பார்க்கும் ஆசை எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கஷ்டம். (முதல் கவிதைத் தொகுதிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.) காக்கைக்கும் மைனாவுக்கும் இந்தப் பிரச்னை எதுவும் கிடையாது. எங்கே, எத்தனை என்று எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் யாருக்கும் கெடுதி இல்லை; சொல்லாமல் விட்டால்தான், சிட்டுக்குருவிக்கு நேர்ந்ததைப்போல, எப்போது குறைந்தது என்பதே தெரியாமல் போகிறது. மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் எழுதிவந்த பத்தியில் காக்கைக்கும் அணிலுக்கும் தந்த இடத்தை நம் பறவை பார்ப்போர் இன்னும் முழுதாக உணரவில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்பு இந்த வகையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் அதிகமாக எண்ணப்படுபவை வீட்டு வாசலில் நின்று எண்ணக்கூடியவை.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பழைய பதிவு இருக்கிறது. திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் வரும் ஆனைச்சாத்தன். உரைகாரர்கள் அதை வலியன் என்றார்கள், பாரத்வாஜப் பறவை என்றார்கள். கரிச்சான் என்று இன்று பலரும் கொள்கிறார்கள். விடியுமுன் குரல் கொடுப்பதில் கரிச்சானுக்கு இணையில்லை என்பதால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. மாதம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, குரல் இருக்கிறது, பார்த்தவர் – கேட்டவர் – பெயர் இருக்கிறது. மரம் எது என்று இல்லை. இந்த மார்கழியிலும் கூமாப்பட்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மின்கம்பியில், காலை ஐந்தேகாலுக்கு, இரண்டு.